முதல் கைத்துப்பாக்கி எதை வாங்கலாம்? டெக்சஸில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கரூரான்_பிளானோ

வணக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு அலுவலக நண்பர் ஒருவர் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். பிடித்துவிட்டது. சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன். ரேஞ்சில் சுட்டுப் பழகுவது முதல் நோக்கம், வீட்டுப் பாதுகாப்பு அடுத்தது.

கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றைக் காட்டி, "ஆரம்பத்துக்கு இதுதான் சரி, சின்னது, லேசானது" என்றார். இன்னொருவர் ரிவால்வர்தான் (தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும் ரகம்) சிக்கல் இல்லாதது என்கிறார். யூடியூபைத் திறந்தால் ட்ரிக்கரை மாற்று, ஸ்பிரிங்கை மாற்று என்று முடிவே இல்லாமல் போகிறது.

வீட்டில் மனைவி, ஆறு வயது மகள், ஹெச்1பி விசாவில் இருக்கும் மைத்துனர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உலைக்களம்

தம்பி, நான் டாலஸ் பக்கம் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்க்கும்) வேலை பார்க்கிறவன். துப்பாக்கிக்கு முன்னால் உங்கள் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுவோம். நம் ஆட்கள் அதிகம் சிக்குகிற இடம் அதுதான்.

ஹெச்1பி, எஃப்1, ஹெச்4 என்று குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த உரிமமாக இருந்தாலும் போதும். ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விசாவுக்கு ஆபத்து வந்தால் துப்பாக்கிக் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார்.

உங்கள் வீட்டில் இதன் அர்த்தம்: துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சேஃபின் எண் மைத்துனருக்குத் தெரியக்கூடாது, சாவி அவர் கை படும் இடத்தில் இருக்கக்கூடாது. "கையாளும் வசதி அவருக்கும் இருந்தது" என்று சொல்ல இடம் வைக்காதீர்கள். அவருக்காக உங்கள் பெயரில் ஒன்று வாங்குகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கடையில் நீங்கள் நிரப்பும் ஃபார்ம் 4473-ன் கேள்விகளிலேயே அது இருக்கிறது: உண்மையில் இதை வாங்குவது நீங்கள்தானா என்று கேட்பார்கள். அங்கே பொய் சொல்வது தனிக் குற்றம். கிரீன் கார்டுக்காரர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தல் வரைக்கும் போகும்.

உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், இப்போதைய முகவரியோடு மாநில அடையாள அட்டை வேண்டும், படிவத்தில் கிரீன் கார்டின் ஏ-நம்பரை எழுத வேண்டும். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். சில நேரம் "டிலே" (முடிவு வரத் தாமதம்) என்று வரும், பதறாதீர்கள். குடியேறியவர்களுக்கு அது சகஜம்.

துப்பாக்கி பற்றி இரவு எழுதுகிறேன். அந்த உள்ளங்கைச் சைஸை மட்டும் அதுவரை வாங்கிவிடாதீர்கள்.

இணுவில்_பெடியன்

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். உங்களிட்ட கடைக்குப் போய் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வரலாம் என்பதை வாசிக்க வியப்பாக இருக்கிறது. இங்கே 2022 ஒக்டோபர் 21-ந் திகதியோடு தனி ஆட்களுக்குக் கைத்துப்பாக்கி விற்பது, வாங்குவது, கைமாற்றுவது எல்லாம் நிறுத்தப்பட்டுவிட்டது. முன்பே பதிவு செய்து வைத்திருப்பவர்கள் மட்டும் வைத்திருக்கலாம். எங்கட ஆட்கள் விசா எடுத்து அங்கே உறவுகளைப் பார்க்க வரும்போது "ஒருக்கால் சுட்டுப் பார்" என்று கூப்பிடுகிறவர்கள், உலைக்களம் அண்ணன் சொன்ன விசாச் சட்டத்தையும் ஒருக்கால் வாசித்துவிட்டுக் கூப்பிடுங்கோ.

தேன்மொழி_ஆஸ்டின்

கரூரான், "ரிவால்வர்தான் சிக்கல் இல்லாதது" என்பதைப் பெண்களிடம்தான் அதிகமாகச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். என்னிடம் காட்டியது 400 கிராம் சொச்சம் எடையுள்ள குட்டை மூக்கு .38 ரிவால்வர். அந்த எடையில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால் உதை முழுக்கப் பெருவிரல் இடுக்கில்தான் இறங்கும். ட்ரிக்கரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் குறி கீழே சாய்ந்துவிடும். பேரல் (குழல்) குட்டை, குறிமுள்ளும் சின்னது. பல வருடம் சுட்டவர்கள்கூட அதை வைத்துக்கொண்டு திணறுவதை ரேஞ்சில் பார்க்கிறேன். அதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கையில் கொடுக்கிறார்கள்.

இதே காரணத்தால்தான் குட்டி பிஸ்டலும் ஆரம்பத்துக்குச் சரி வராது. எடை குறையக் குறைய உதை கூடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு ட்ரிக்கரைப் பிடுங்குகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு.

உங்கள் மனைவியும் பழகப் போகிறார் என்றால் அவர் கையில் கொடுத்து அவரையே சொல்ல விடுங்கள். கணவர் வாங்கிக் கொடுத்து, மனைவி இரண்டு முறை சுட்டுவிட்டு அலமாரியில் வைத்த துப்பாக்கிகள் இந்த ஊரில் ஏராளம். எந்த வாடகைத் துப்பாக்கியில் அவர் முகம் சுளிக்காமல் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிக்கிறாரோ, அதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

உலைக்களம்

தேன்மொழி அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. அதற்கு மேல் என் பங்கு.

செருப்பையே காலில் போட்டு நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய் நடுத்தர அளவில் நாலைந்தைச் சுட்டுப் பாருங்கள். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி, சிக், வால்தர், சீஸட் எதுவானாலும் சரி. எல்லாம் 9 மிமீ தோட்டா போடுபவை. 1902-ல் ஜெர்மனியில் கியோர்க் லூகர் வடிவமைத்த தோட்டா இன்றைக்கும் ஓடுகிறது என்றால் காரணம் இருக்கிறது: உதை தாங்கக்கூடியது, எந்தக் கடையிலும் கிடைக்கும், மற்றக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களோடு பார்த்தால் விலையும் குறைவு. கிளாக் 19 வெற்று மேகசினோடு (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) சுமார் 670 கிராம், அதில் 15 தோட்டா பிடிக்கும். ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் அந்த அளவு பொருந்தும்.

கையில் பிடித்ததும் இவற்றைப் பாருங்கள். பிடியை முழுதாகப் பற்றி, விரலை வெளியே நீட்டி வையுங்கள். பிறகு (காலியா என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு) ட்ரிக்கரில் வையுங்கள். விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும் சதைப்பகுதி ட்ரிக்கரில் உட்கார வேண்டும். எட்டவில்லை என்று கையைச் சுற்றிப் பிடித்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. இப்போது வருகிற பலவற்றில் பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம், பெட்டியிலேயே இருக்கும். ஸ்லைடை (பேரலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கை வலு குறைந்தவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸி வரிசை இருக்கிறது. என்னிடம் வரும் வயதானவர்கள் பலருக்கு அதைத்தான் சொல்கிறேன்.

பிராண்டுச் சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தப் பட்டியலில் எதை வாங்கினாலும் துப்பாக்கி உங்களைவிட நன்றாகச் சுடும்.

மணல்மேடு

நான் இங்கே மாறுபடுகிறேன். முதல் துப்பாக்கி .22 என்ற சின்னத் தோட்டா போடுவதாகத்தான் இருக்க வேண்டும். ரூகர் மார்க் 4 மாதிரி ஒன்று. உதையே இல்லை, தோட்டா 9 மிமீ-யின் விலையில் பாதிகூட இராது. ஒரே காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல் சுடலாம். குறி பார்ப்பதும் ட்ரிக்கரை நேராக அழுத்துவதும் அதில்தான் படியும். பழைய மார்க் வரிசையைக் கழற்றினால் மாட்டுவதற்குள் உயிர் போகும் என்பார்கள். 2016-ல் வந்த மார்க் 4-ல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் அப்படியே மடங்கி வந்துவிடுகிறது. வீட்டுப் பாதுகாப்பை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உலைக்களம்

மணல்மேடு சொல்வது தவறே இல்லை. இரண்டு வாங்கக் காசு இருந்தால் .22 முதலில் என்றுதான் நானும் சொல்வேன். ஒன்றுதான் வாங்க முடியும், அதுவே வீட்டுக்கும் வேண்டும் என்றால் 9 மிமீ வாங்கி, .22-ஐ ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பழகலாம். .22 ரிம்ஃபயர் தோட்டா (அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கும் ரகம்) எவ்வளவு நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் போகும். பயிற்சியில் அதனால் நஷ்டம் இல்லை.

இன்னொன்று: தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை அழுத்திப் பழகுவதற்கு டிரை ஃபயர் என்று பெயர். பெரும்பாலான 9 மிமீ துப்பாக்கிகளுக்கு அதனால் கேடு இல்லை. பல .22-களில் தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின், தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பில் நேராகப் போய் இடிக்கும். நாள்பட அங்கே பள்ளம் விழுந்து, தோட்டா உள்ளே போகவே மறுக்கும். விளிம்பைத் திரும்ப நேராக்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை அந்த வேலையைச் செய்திருக்கிறேன். உங்கள் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். டிரை ஃபயர் செய்கிற அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

கரூரான்_பிளானோ

மிக்க நன்றி அண்ணா, அக்கா. ட்ரிக்கர், ஸ்பிரிங் மாற்றுவது பற்றி? வாங்கியதும் செய்துவிட வேண்டுமா? உங்கள் பட்டறைக்கு என்ன மாதிரி வேலைகள் வரும் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

உலைக்களம்

வாங்கியதை அப்படியே வையுங்கள். சில ஆயிரம் தோட்டா சுட்ட பிறகு எது உறுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போது பேசலாம்.

பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி, நன்றாக இருந்ததை நோண்டியதால் வருவது. இணையத்தில் வாங்கிய ட்ரிக்கர் கிட்டை வீட்டு மேசையில் மாட்டியிருப்பார். அல்லது உள்ளே ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கும் பரப்புகளை "பாலிஷ்" செய்கிறேன் என்று தேய்த்திருப்பார். அந்தப் பரப்பின் கோணம் மயிரிழை மாறினாலும் போதும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு வெடிக்கும், அல்லது ஸ்லைடு மூடும்போதே வெடிக்கும். பாதுகாப்புக்கு இடுப்பில் செருகும் துப்பாக்கியின் ட்ரிக்கரை லேசாக்கித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

மற்றதில் பெரும்பகுதி எண்ணெய். "சிக்குகிறது, சில நேரம் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது" என்று போன வாரம் ஒருவர் ஒரு பிஸ்டலைக் கொண்டுவந்தார். ஸ்லைடின் பின் தகட்டைக் கழற்றி, தோட்டாவைத் தட்டும் முள்ளான ஸ்ட்ரைக்கரை இழுத்தேன். எண்ணெயும் கரியும் பித்தளைத் துகளும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. முள் முன்னால் ஓடுவதற்கே வழி இல்லை. அந்தப் பாதையில் எண்ணெயே விடக்கூடாது. காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். வெளியே ஸ்லைடு உரசும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். புது கிளாக்கில் செம்பு நிறத்தில் ஒரு மசகு இருக்கும். அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள், கம்பெனியே போட்டு அனுப்புவது.

"துப்பாக்கி சரியில்லை, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் செங்குத்தாக மாட்டிக்கொள்கிறது" என்று வருவார்கள். நான் சுட்டால் ஒன்றும் ஆகாது. மணிக்கட்டைத் தொளதொளவென்று வைத்தால் ஸ்லைடுக்குப் பின்னால் போக வலு கிடைக்காது. அதற்குக் கூலி வாங்குவதில்லை, பிடியைத் திருத்திக் காட்டி அனுப்பிவிடுவேன்.

ரிவால்வர்காரர்களுக்கும் இருக்கிறது. சிலிண்டர் திறக்கவில்லை என்றால் வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் ராட் மரை கழன்று முன்னால் வந்திருக்கும். சுழலாமல் இறுகினால் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் சேர்ந்திருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். சினிமாவில் மாதிரி மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடினால் அதைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். அது செலவு பிடிக்கும் வேலை.

தினமும் தோட்டாவை எடுத்துவிட்டு மறுநாள் அதையே மறுபடி சேம்பரில் ஏற்றும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தோட்டாவின் மூக்கு சேம்பர் வாயில் இருக்கும் சரிவில் இடித்துக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும். பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை மனதில் நிறுத்துங்கள். சுடும்போது ஒரு வெடி மட்டும் "புஸ்" என்று சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் உப்பும், சில நேரம் பிளக்கும். உப்பிய பேரல்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

தேன்மொழி_ஆஸ்டின்

கழற்றுவது பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணா. கிளாக்கைக் கழற்ற ட்ரிக்கரை அழுத்தித்தானே ஆக வேண்டும்.

உலைக்களம்

நல்ல வேளை நினைவுபடுத்தினீர்கள். மேகசினை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் சேம்பரில் இருந்தது வெளியே போய், மேகசினிலிருந்து புதியது ஏறிவிடும். கையில் மேகசின் இருப்பதைப் பார்த்துக் காலி என்று நம்பி அழுத்துவார்கள். ஸ்லைடைத் திறந்து நிறுத்திக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலைச் சேம்பருக்குள் விட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கியைக் குண்டு துளைக்காத பக்கமாக நீட்டியபடிதான் அழுத்த வேண்டும். எம்&பி-யில் உள்ளே ஒரு சின்ன நெம்பைக் கீழே தள்ளினால் ட்ரிக்கரைத் தொடாமலே கழற்றலாம்.

மணல்மேடு

சேஃப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. துப்பாக்கிக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி உங்கள் அசட்டையால் எட்டிவிட்டால் உங்கள் மேல் வழக்கு வரும். ஆறு வயதுக் குழந்தை நாற்காலி போட்டு ஏறும். அலமாரி உச்சி, மெத்தைக்கு அடி எல்லாம் மறைவிடமே இல்லை. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. நம் வீடுகளில் மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதே இல்லை. வேலை போய், விசா தொங்கி, தூக்கம் இல்லாமல் இருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அது நீங்களே ஆனாலும், அந்தக் காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுங்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் செய்தோம். அவர் இன்றைக்கு நன்றாக இருக்கிறார். தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தேன்மொழி_ஆஸ்டின்

மணல்மேடு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

குழந்தை இருப்பதால் ஈயம் பற்றியும் ஒரு வரி. உள்ளரங்க ரேஞ்சின் காற்றிலும் தூசியிலும் ஈயம் உண்டு. சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். அதுவரை எதையும் சாப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டுத்தான் மகளைத் தூக்க வேண்டும். ரேஞ்சுச் செருப்பு வாசலோடு நிற்கட்டும். காதுக்கு உள்ளடைப்பான், அதன் மேல் இயர் மஃப் இரண்டும் போடுங்கள். .22 பிஸ்டலே 140 டெசிபலைத் தாண்டும்.

கரூரான்_பிளானோ

முடிவு செய்துவிட்டேன். பெட்டி முதலில். மனைவியோடு சேர்ந்து அறிமுக வகுப்பு, பிறகு வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பது. அவருக்கு ஷீல்ட் ஈஸி, எனக்கு கிளாக் 19 அல்லது எம்&பி. இருவருக்கும் ஒன்றே பொருந்தினால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒரு சந்தேகம். டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். மைத்துனர் மட்டும் இங்கே இருப்பார். அப்போது துப்பாக்கியை என்ன செய்வது?

உலைக்களம்

போல்ட் போட்ட பெட்டி, எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரியும் என்றால் பூட்டிவிட்டுப் போகலாம். அதைவிட நிம்மதி, டெக்சஸிலேயே இருக்கும் சட்டத் தடை ஏதும் இல்லாத நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போவது. சில கடைகளும் கட்டணத்துக்கு வைத்துக்கொள்கின்றன. அவர்கள் பதிவேட்டில் ஏற்றுவதால் திரும்ப வாங்கும்போது மறுபடி ஃபார்ம் நிரப்ப வேண்டியிருக்கும். ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணமே வேண்டாம். இந்தியாவில் 9 மிமீ சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம்.

ரேஞ்சுக்கு என்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் ஒரு தோட்டா தங்கியிருக்கும், தெரியாமல் அதே பையில் துணி அடுக்கிக்கொண்டு போவார்கள். இங்கே சோதனையில் தப்பிவிடும். திரும்பி வரும்போது டெல்லியிலோ சென்னையிலோ எக்ஸ்ரேயில் தெரியும், ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். தெரிந்தே வைத்திருந்ததாக நிரூபணம் இல்லை என்று நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளைப் பலமுறை ரத்து செய்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதுவரை விமானம், விடுமுறை, வக்கீல் கட்டணம் எல்லாம் போகும். பெட்டி கட்டும்போது சட்டைப் பை, ஜாக்கெட் பை, குழந்தையின் பள்ளிப் பை எல்லாவற்றையும் தலைகீழாக உதறிப் பாருங்கள். வெற்றுக் கூட்டைக்கூடச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டாம்.

வாங்கியதும் ஒருநாள் இரண்டு பேருமாகப் பட்டறைக்கு வாருங்கள். கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டித் தருகிறேன்.